வண்டி நிக்கணும் சாமி!

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகறதுக்குக் கொஞ்ச வருஷம் முன்னாடி நடந்தது இது. எங்க வூடு கச்சிராயபாளையத்துப் பக்கம். கோமுகி அணையைத் தாண்டினா கல்வராயன் மலை ஏறுற ரோடு வந்துடும். என் வூட்டுக்காரரு அந்த ரோட்டுல வருஷக்கணக்கா அடுத்தவங்க வண்டியத்தான் ஓட்டிக்கினு இருந்தாரு. மளிகை, உப்பு மூட்டை எல்லாம் மேல ஏத்திக்கினு போவாரு. மரவள்ளிக் கிழங்கு, புளி, பலாப்பழம்னு கீழ எறக்கிக்கினு வருவாரு. சொந்தமா ஒரு வண்டி வேணும்னு எனக்குத்தான் ஆசை. மகளிர் குழு மூலமா பேங்க்ல கடன் கேட்டு, என் பேர்லயே ஒரு சின்ன லோடு வண்டி எடுத்தோம்.

வண்டி வூட்டுக்கு வந்த அன்னைக்கு என் மாமியார் திருஷ்டி சுத்தி, எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில வெச்சி நசுக்கி, கூடவே ஒரு சட்டமும் போட்டாங்க. எங்க குலதெய்வம் பச்சையம்மாவுக்குக் காட்டிப் பொங்க வெக்காம புது வண்டியில ஸ்பேனர் வெக்கக் கூடாதாம். சரி, அடுத்த வெள்ளிக்கிழமையே போயிடலாம்னு இருந்தோம். அதுக்குள்ள பங்காளி வூட்டுல ஒரு சாவு. தீட்டு கழியற வரைக்கும் கோயிலுக்குப் போகக் கூடாது. தீட்டு கழிஞ்சதும் வேற ஏதோ தடங்கல். அதுக்காக வண்டிய நிறுத்தி வெச்சோமான்னு கேட்டா, அதுதான் இல்ல. லோடு ஏத்தலாம், மலை ஏறலாம், ஸ்பேனர்தான் வெக்கக் கூடாது! இப்படியே முதல் இலவச சர்வீஸ் தேதி போயிடுச்சு. பொங்க வெச்சி முடிச்சிட்டுத் தாமதமாத்தான் ஷோரூமுக்குப் போனோம். அவங்களும் ஒரு வார்த்தை கேக்காம ஆயில் மாத்திக் குடுத்தாங்க. அந்தச் சின்ன விஷயம் பின்னாடி எங்க கழுத்துல சுருக்கா வந்து விழும்னு அன்னைக்கு யாருக்குத் தெரியும்?

சர்வீஸ் முடிஞ்சி கொஞ்ச நாள் இருக்கும். ஒரு சாயந்திரம் வூட்டுக்காரரு வந்து கட்டில்ல உக்காந்துட்டாரு. மூஞ்சி வெளிறிக் கெடந்துச்சு. சோறு போடட்டுமான்னு கேட்டா வேணாம்னாரு. நச்சரிச்ச பிறகுதான் சொன்னாரு. மலையில எறங்கிக்கினு இருக்கறப்ப, ஒரு வளைவுக்காக கியரு மாத்த கிளட்ச்ச அமுக்கினதும் இன்ஜின் பொட்டுனு அணைஞ்சிடுச்சாம். இன்ஜின் அணைஞ்சா அந்த வண்டியில பிரேக் மிதி கல்லு மாதிரி இறுகிடும். ரெண்டு காலையும் வெச்சி எம்பி மிதிச்சி, ஹேண்ட் பிரேக்க இழுத்து எப்படியோ நிறுத்தியிருக்காரு. கொஞ்ச நேரம் கழிச்சி சாவி போட்டா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுதாம்.

மறுநாளே கள்ளக்குறிச்சி ஷோரூமுக்கு ஓடினோம். அவங்க வண்டிய எடுத்துக்கினு சேலம் ரோட்டுல ஒரு சுத்து சுத்திட்டு வந்து, வண்டி நல்லா ஓடுதேன்னாங்க. பல்லுவலின்னு டாக்டர்கிட்ட போனா வாசப்படி ஏறும்போதே வலி நின்னுடுமே, அந்தக் கதைதான். மேடு பள்ளம் இல்லாத ரோட்டுல, லோடு இல்லாம ஓட்டினா அது தங்கமா ஓடும். மலையில லோடோட சூடேறினாத்தான் அதுக்குப் பேய் புடிக்கும். அதுவும் தினமும் புடிக்காது. நாலு நாள் நல்லா இருக்கும், அஞ்சாம் நாள் காலை வாரிடும். எத்தனை தடவ வண்டிய விட்டாலும் 'கோளாறு எதுவும் இல்லை'ன்னு எழுதிக் குடுத்து அனுப்பிடுவாங்க.

வண்டிய ஓட்டாமயும் இருக்க முடியாது. வண்டி நின்னாலும் தவணை நிக்காதே. அவரு கிளம்பிப் போனதும் என் உசுரு என்கிட்ட இருக்காது. மலையில டவர் கிடைக்காது, போன் போட்டா அந்தப் பொம்பளக் குரல்தான் வரும். சாயந்திரம் ஆனா தெருவுல எந்த வண்டி ஆரன் அடிச்சாலும் வாசலுக்கு ஓடுவேன். அடுப்புல கொழம்பு எத்தனை நாள் தீஞ்சி போச்சுன்னு எனக்கே தெரியாது. மாமியார் ஒரு நாள், "ஏம்மே, நீ வண்டிக்குக் காவலா, வூட்டுக்குக் காவலா?"ன்னு கேட்டாங்க. கேட்டுட்டு அவங்களும் வாசல்லதான் நின்னாங்க.

ஒரு நாள் மலையில எதிர்ல வந்த பஸ்ஸுக்கு ரெண்டு முழம் தள்ளி வண்டி நின்னுச்சுன்னு கேள்விப்பட்டதும், நானே ஷோரூமுக்குப் போயி மேனேஜர் எதிர்ல நின்னேன். இன்ஜின மாத்திக் குடுங்க, இல்லாட்டி வண்டியவே மாத்திக் குடுங்கன்னு கேட்டேன். அவரு சிரிச்சிக்கினே, "உங்க வூட்டுக்காரரு டீசல் மிச்சம் பண்ண நியூட்ரல்ல எறக்குறாரும்மா. அதுக்குக் கம்பெனி இன்னா பண்ணும்?"ன்னாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. மலை ரோட்டுல நியூட்ரல்ல எறக்கறவன் மறுநாள் பால் ஊத்திக்க வேண்டியதுதான், இது எங்க ஊர்ப் பசங்களுக்குக் கூடத் தெரியும். நான் சத்தம் போட்டதும் அடுத்த அஸ்திரத்த எடுத்தாரு. முதல் சர்வீஸ் தேதிக்கு நீங்க வரலை, அதனால வாரண்டியே செல்லாதுன்னுட்டாரு. மாமியார் போட்ட சட்டம் அங்க வந்து நின்னுச்சு.

பஸ் ஸ்டாண்டுல உக்காந்து அழுதேன்னு சொல்ல வெக்கம் இல்ல. அழுதுக்கினு இருக்கறப்பதான் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. எங்க குழுக் கூட்டத்துல ஒரு தடவ நுகர்வோர் சங்கத்துலேர்ந்து ஒரு அம்மா வந்து பேசினாங்க. நான் எல்லாருக்கும் டீ ஊத்திக்கினு பாதிதான் கேட்டேன். கேட்ட பாதியில, வாங்கின பொருள் சரியில்லன்னா கேஸ் போடலாம், வக்கீல் கூட வேணாம், நாமளே பேசலாம்னு சொன்னது மட்டும் மனசுல ஒட்டிக்கினு இருந்துச்சு. குழுத் தலைவிகிட்ட விசாரிச்சி அந்த அம்மாவத் தேடிப் போனேன்.

அவங்க பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு, ஷோரூம்காரங்க கெளப்பக்கூடிய ரெண்டு விஷயத்துக்கும் அப்பவே பதில் சொன்னாங்க. தொழிலுக்கு வாங்கின வண்டின்னு தட்டிக் கழிப்பாங்க. ஆனா ஒரே வண்டிய வெச்சி குடும்பத்து ஆளே ஓட்டிப் பொழைச்சா சட்டப்படி நாமளும் நுகர்வோர்தான். சர்வீஸ் தாமதம்னு சொல்வாங்க. ஆனா தாமதத்தாலதான் இந்தக் கோளாறு வந்துச்சுன்னு அவங்க காட்டணும். முதல்ல ஷோரூமுக்கும் வண்டி கம்பெனிக்கும் பதிவுத் தபால்ல நோட்டீஸ் அனுப்பினோம். கிணத்துல போட்ட கல்லாட்டம் ஒரு பதிலும் இல்ல. அப்புறம் விழுப்புரத்துல நுகர்வோர் கோர்ட்டுல மனு போட்டோம். அப்ப எங்க பக்கத்து ஜனங்க எல்லாத்துக்கும் விழுப்புரம்தான் போகணும்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஆக்கி வெச்சிட்டு பஸ் ஏறுவேன். எதிர்ப்பக்கம் வக்கீலுங்க கோட்டு போட்டுக்கினு கத்தையா பேப்பர் வெச்சிருப்பாங்க. என் கையில ஒரு மஞ்சப்பை. நாங்க ஓட்டற லட்சணம் சரியில்ல, முதல் சர்வீஸத் தேதிக்குப் பண்ணலன்னு திரும்பத் திரும்ப அதையே சொன்னாங்க. தலைவரா உக்காந்திருந்தவரு என்னைப் பாத்து, ஏம்மா தேதிக்குப் போகலன்னு கேட்டாரு. பொய் சொல்ல எனக்கு வரலை. "சாமிக்குக் காட்டாம ஸ்பேனர் வெக்கக் கூடாதுன்னு எங்க வூட்டுல ஒரு வழக்கம் ஐயா"ன்னேன். கோர்ட்டே கொல்லுனு சிரிச்சுது. பூமி பொளந்து உள்ள போயிடலாமான்னு இருந்துச்சு எனக்கு. அவரும் லேசா சிரிச்சாரு. அப்புறம் எதிர்ப்பக்கம் திரும்பி, "ஆயில் மாத்த லேட்டானதுக்கும் ஓடற இன்ஜின் திடீர்னு அணையறதுக்கும் என்ன சம்பந்தம்? அதைச் சொல்லுங்க"ன்னாரு. வக்கீலு பேப்பரைப் புரட்டினாரு, புரட்டிக்கினே இருந்தாரு.

கோளாறு இருக்கா இல்லையான்னு பாக்க ஒரு நிபுணரைப் போடணும்னு முடிவாச்சு. பாலிடெக்னிக்ல வண்டி இன்ஜின் பாடம் எடுக்கற வாத்தியார் ஒருத்தரைப் போட்டாங்க. ஷோரூம்லயே வெச்சிப் பாக்கலாம்னு எதிர்ப்பக்கம் சொன்னதும் நான் எழுந்துட்டேன். "அங்க பாத்தா அது நிக்காதுங்க ஐயா. லோடு ஏத்தி எங்க மலைக்கு வந்து பாக்கச் சொல்லுங்க"ன்னு கேட்டேன். கேட்டது கிடைச்சிடுச்சு. விழுப்புரத்துலேர்ந்து திரும்பி வர பஸ்ஸுல, உளுந்தூர்பேட்டை தாண்டினதுக்கு அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. அந்த லோடு வண்டிய ஓட்டப் போறது யாரு? என் புருஷன்தானே! என் வாயாலயே கேட்டு வாங்கிக்கினு வந்திருக்கேன்.

வூட்டுல வந்து சொன்னா, அவரு, "வேற யாரு ஓட்டுவா? தினமும் ஓட்டறதுதானே"ன்னு சட்டைய மாட்டிக்கினு வெளியில போயிட்டாரு. அந்த 'தினமும்' தான் என்னைக் குத்துச்சு.

அந்த நாள் காலையில வாத்தியாரு வந்தாரு. ஷோரூம் பக்கத்துலேர்ந்து சர்வீஸ் இன்ஜினியரு, கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாள்தான் ஆன பையன், டிரைவர் ஓட்டற ஒரு கார்ல வந்தாரு. வாத்தியாரு வண்டிக்கு அடியில பூந்து, இன்ஜினுக்கு டீசல் போற பம்ப்ல ஒரு ஒயரைப் புடிச்சி, அதைக் கரண்ட் காட்டற ஒரு மீட்டர்ல மாட்டி, சீட்டுல ஏறி மீட்டரை மடியில வெச்சிக்கினாரு. முன்னாடி எங்க வண்டியில என் வூட்டுக்காரரும் வாத்தியாரும். பின்னாடி கார்ல இன்ஜினியரும் நானும். உப்பு மூட்டையும் அரிசி மூட்டையுமா வண்டி நெறைய லோடு.

மலை ஏற ஆரம்பிச்சதும் நான் பச்சையம்மாவ வேண்ட ஆரம்பிச்சேன். தினமும் வண்டி நிக்கக் கூடாதுன்னு வேண்டற வாய் அன்னைக்கு, "வண்டி நிக்கணும் தாயே, ஏறும்போதே நிக்கணும்"னு வேண்டுச்சு. ஏறும்போது நின்னா ஆபத்து கம்மி, பின் டயருக்குக் கல்லு குடுத்து நிறுத்திடலாம். எறங்கும்போதுதான் எமன். பக்கத்துல இருந்த இன்ஜினியர் பையன் நிக்கக் கூடாதுன்னு வேண்டியிருப்பான். ரெண்டு பேரும் ஒரே வண்டியோட முதுகைப் பாத்துக்கினு, ஆளுக்கு ஒண்ணு வேண்டிக்கினு போனோம்.

வளைவு வளைவா ஏறுச்சு. நிக்கலை. இருமக் கூட இல்ல அந்தச் சனியன். மலை மேல இருக்கற வெள்ளிமலை வரைக்கும் மாப்பிள்ளை ஊர்வலம் போற மாதிரி போயி நின்னுச்சு. மூட்டைய எறக்கிட்டு, மரவள்ளிக் கிழங்கு ஏத்தினோம். டீ குடிக்கறப்ப வாத்தியாரு மீட்டரைத் தட்டிப் பாத்துட்டு, இதுவரைக்கும் குறை எதுவும் தெரியலையேம்மான்னாரு. இன்ஜினியர் பையன் அப்பதான் மூச்சு விட்டான். நான் டீயக் கீழ ஊத்திட்டேன். இன்னைக்கு இது நிக்கலன்னா கேஸ் போச்சு. கேஸ் போனா, நாளைக்கு இதே வண்டியத்தான் இவரு ஓட்டணும். நாளைக்கும், அதுக்கு மறுநாளும். என்னைக்கோ ஒரு நாள் மீட்டரும் இல்லாம வாத்தியாரும் இல்லாம ஒத்தையா ஏதோ ஒரு வளைவுல நிக்கும். அதை நெனச்சதும் எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு.

எறங்க ஆரம்பிச்சப்ப கண்ண மூடிக்கினேன். "எறங்கும்போதாவது நிக்கட்டும் தாயே"ன்னு வேண்டிட்டேன். வேண்டின அடுத்த நொடி உடம்பு தூக்கிப் போட்டுச்சு. ஐயையோ, இன்னா வேண்டறேன் நான், வேணாம் வேணாம்னு சொல்லிக்கினே கண்ணத் தொறந்தேன்.

எதிர்ல ஒரு கொண்டை ஊசி வளைவு. வண்டி வேகம் கொறையணும். கொறையலை. பின்னாடி சிவப்பு லைட்டு எரியுது, அப்படின்னா அவரு பிரேக்க மிதிக்கறாரு. ஆனா வண்டி போய்க்கினே இருக்கு. ஆரனை விடாம அழுத்தறாரு. பக்கத்துல இன்ஜினியர் பையன், "ஐயோ, அணைஞ்சிடுச்சு... புடிங்கண்ணா, புடிங்கண்ணா"ன்னு கத்தினான். இடது பக்கம் பள்ளம், மரத்தோட தலைதான் தெரியுது. வண்டி வலது பக்கம் ஒடிஞ்சி, எதிர் ரோட்டக் குறுக்கால கடந்து, மலை ஓரத்துத் தண்ணி ஓடற வாய்க்கால்ல ஒரு பக்கத்து டயரை எறக்கி, பாறைய ஒரசிக்கினு நின்னுச்சு. கிழங்கு மூட்டை ரெண்டு பறந்து விழுந்துச்சு. எதிர்ல ஒரு வண்டி வந்திருந்தா இந்தக் கதைய எழுத எனக்குத் தெம்பு இருந்திருக்காது.

கார் நிக்கறதுக்குள்ள அந்தப் பையன் குதிச்சி ஓடி ஒரு கல்லைத் தூக்கி டயருக்குக் குடுத்தான். வாத்தியாரு கதவத் தொறந்து எறங்கினவரு அப்படியே ரோட்டுல உக்காந்துட்டாரு. நெத்தியில லேசா ரத்தம். மடியில மீட்டரை மட்டும் விடலை. அதைத் தூக்கிக் காட்டி, "பம்ப்புக்குப் போற கரண்ட் கட் ஆச்சும்மா, கண்ணால பாத்தேன். வண்டி கியர்லதான் இருந்துச்சு, நியூட்ரல் இல்ல. உங்க வூட்டுக்காரர் மேல தப்பே இல்ல"ன்னாரு. இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை நாள் அலைஞ்சேன். ஆனா அது காதுல விழுந்தப்ப எனக்கு சந்தோஷமே வரலை. என் வூட்டுக்காரரு ஸ்டியரிங்க விடாம உக்காந்திருந்தாரு. விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சி எடுத்தேன்.

வாத்தியாரு குடுத்த அறிக்கைக்கு அப்புறம் எதிர்ப்பக்கத்துக்குப் பேச ஒண்ணும் இல்ல. தயாரிப்பிலேயே உள்ள கோளாறு, வண்டிய மாத்திக் குடுக்கணும்னு தீர்ப்பு வந்துச்சு. பழைய வண்டிய ஷோரூம்ல விடப் போனப்ப, அதை இன்னொருத்தர் தலையில கட்டிடாதீங்கன்னு மேனேஜர்கிட்ட சொன்னேன். அவரு என் முகத்தப் பாக்காமலே தலையாட்டினாரு.

புது வண்டி வந்தப்பவும் மாமியார் எலுமிச்சம்பழம் வெச்சாங்க. ஸ்பேனர் விஷயத்தை யாரும் எடுக்கலை. நானே வாயைக் கிளறினேன், எத்தே, இப்ப முதல்ல கோயிலா, சர்வீஸான்னு. "சர்வீஸ முடிச்சிட்டு வா. அவ எங்க ஓடிடப் போறா?"ன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

சர்வீஸ் முடிஞ்சி பச்சையம்மாவுக்குப் பொங்க வெச்சோம். பானை பொங்கற நேரம் கைகூப்பினேன். எதுக்குன்னு சொல்லிக் கும்புடறது? வேண்டினதைக் குடுத்தாளே அதுக்கா, இல்ல வேண்டினதுக்கு மன்னிப்பா? நான் பேயறைஞ்சவ மாதிரி நின்னதைப் பாத்துட்டு வூட்டுக்காரரு, இன்னாமேன்னு கேட்டாரு. அழுகைய அடக்கிக்கினு சொல்லிட்டேன். அன்னைக்கு எறங்கும்போது வண்டி நிக்கணும்னு வேண்டிக்கினேன் மாமா, நீ உள்ள இருக்கறப்பவேன்னேன்.

அவரு அடுப்புல ஒரு சுள்ளியைத் தள்ளி விட்டாரு. "நீ பின்னாடி கார்ல உக்காந்து வேண்டிக்கினே. நான் ஸ்டியரிங்கப் புடிச்சிக்கினே அதையேதான்மே வேண்டிக்கினு வந்தேன்"னாரு.

சட்டம் எங்களைக் கைவிடலை, அதை யாருகிட்ட வேணாலும் சொல்வேன். ஆனா எங்க வார்த்தைய நம்ப வெக்கறதுக்காக ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாம அந்த மலையில இன்னாத்தைப் பணயம் வெச்சி வேண்டிக்கினோம்னு நெனச்சா, தெருமுனையில அவரு ஆரன் அடிக்கற சாயந்திரங்கள்ல இன்னமும் என் கை தன்னால கும்புடுது.